மண்ணுக்குள் போகும் சூடு

திருவொற்றியூரில் பஸ்ஸுக்குக் காத்திருந்தபோது எனக்கு முன்னால் இரண்டு பெண்கள் நின்றிருந்தார்கள். பக்கத்துப் பக்கத்து வீட்டுக்காரர்கள் என்று பேச்சிலிருந்து தெரிந்தது. இளையவள் சொன்ன ஒரு வார்த்தைக்கு நான் போனைப் பார்ப்பதையே நிறுத்திவிட்டேன்.

“அக்கா, எங்க வூட்டு சூட்டை மண்ணுக்குள்ள அனுப்பப் போறோம்.”

“இன்னாமே சொல்ற?”

“எங்க வூட்டுக்காரரு கப்பல்ல போனப்ப ஏதோ குளிர் நாட்டுல பாத்தாராம். போர் போடுற மாதிரி ஆழமா துளை போட்டு, தண்ணிக் குழாயை எறக்கி வுட்டுர்றாங்கோ. அடி மண்ணு வெயிலுக்கும் பனிக்கும் மாறாம ஒரே மாதிரி கீதாம். குளிர்ல அங்கேர்ந்து சூட்டை எடுத்துக்குவாங்கோ. வெயில்ல ரூம் சூட்டை அங்கயே தள்ளிடுவாங்கோ. கரண்டும் கம்மி.”

“அப்ப வெளியில மாட்டிகீற ஏசி பொட்டி?”

“அது வேணவே வேணாங்க்கா.”

மூத்தவள் சிரித்தாள். “நல்லதா போச்சு. அது என் சமையக்கட்டு ஜன்னலுக்கு நேரா ஊதிகினு கீது. கோடை பூரா ஜன்னலை சாத்திகினு, வெந்துகினுதான் சோறாக்குறேன்.”

“அய்யோ, சொல்லவே இல்லியேக்கா.”

“உன் வூட்ல கைக்கொயந்த அந்த ஏசிலதான் தூங்குது. எப்படி சொல்றது?”

இளையவள் இன்னும் நெருங்கி வந்து நின்றாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்.

“துளை போட எங்களாண்ட எடம் இல்லக்கா. உன் வாசல்லதான் கீது. அதைக் கேக்கத்தான் பேச்சை ஆரம்பிச்சேன்.”

பஸ் வந்தது. படியில் ஏறிக்கொண்டே மூத்தவள் சொன்னாள்.

“போட்டுக்கோ. ஆனா ஒரு குழாயை என் சமையக்கட்டுப் பக்கம் வுட்டுடு.”