படியிறங்கிய வாடிக்கையாளர்

ஒரு மனிதனின் மானத்துக்கு நான் வைத்த விலை இருபதாயிரம். கூடுதல் என்று நினைப்பீர்கள், இன்ஸ்பெக்டர் மேடம். பேரத்துக்கு இடம் விட்டுச் சொல்வதுதான் எங்கள் வழக்கம்.

கடைவீதியில் திரைச்சீலை விற்கிறேன். சரக்கு வைப்பது மாடியில். ஆண்களை விரும்பும் ஆண்கள் ஒருவரையொருவர் தேடிக்கொள்ளும் செயலி ஒன்று என் போனில் உண்டு. படம் என்னுடையதுதான். அதில் மட்டும் போலி கிடையாது.

முதலில் தேநீர்க்கடையில் பார்ப்போம், நாலு பேர் இருக்கிற இடமாக என்றார் அதில் பழக்கமான ஒரு தையல்காரர். உடனே சரி என்றேன். தயங்குகிற வாடிக்கையாளரை அவசரப்படுத்தக் கூடாது. இரண்டாவது தேநீரின்போது சிரித்துக்கொண்டே சொன்னார்: "எங்கே போறேன், யாரைப் பாக்கறேன்னு அக்காகிட்ட சொல்லிட்டுத்தான் வந்தேன்." பக்கத்துக் கடையில் குறைத்துத் தருகிறான் என்று எல்லோரும் அளக்கிற கதை மாதிரிதான் எனக்குப் பட்டது.

தேநீர் முடிந்து என்னோடு மாடிக்கு வந்தவர் ஒரு துணிக்கட்டைத் தடவிப் பார்த்தார்.

"கலப்புத் துணியாச்சே. பருத்தின்னா விக்கிறீங்க?"

"விக்கிறேனே."

இருவரும் சிரித்தோம். நல்ல மனிதர். எனக்கு அவர்மேல் ஒரு கோபமும் இல்லை, அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

கட்டுகளுக்குப் பின்னாலிருந்து என் மச்சான் வந்து கதவைத் தாழிட்டான். துணி அடுக்கிய அறை சத்தத்தைக் குடித்துவிடும். ஆக வேண்டியது ஆனபின் விலையைச் சொன்னேன். தராவிட்டால் வீட்டுக்குச் சொல்லிவிடுவேன் என்றேன். முன்பு வந்தவர்கள் அந்த ஒரு வார்த்தைக்கே பணத்தை எடுத்து வைத்தார்கள். இவர் கையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, "வீட்டுக்குத்தான் தெரியுமே," என்றார். தாழை இடது கையால் திறந்து இறங்கிப் போனார்.

படியிறங்குகிறவரை இழுத்துப் பிடிப்பவன் வியாபாரி அல்ல. கூப்பிட்டுக் குறைக்க வேண்டும். அப்படியே வளர்ந்த நாக்கு இது. போன் போட்டுப் பத்து என்றேன். ஐந்து என்றேன். பிறகு, "கடைசி விலை ரெண்டாயிரம். விரல் கூடினதும் கொடுத்தா போதும்," என்றேன். மருத்துவமனைக் கட்டிலருகே அக்கா ஸ்பீக்கரில் போட்டு, விரல்களுக்குக் கட்டுப் போட்ட டாக்டரையும் கேட்க வைத்திருக்கிறார்.

அப்போதும் எனக்குப் பயமில்லை. இப்படிப்பட்டவர் புகாரோடு வந்தால் நீங்கள் சிரித்து அனுப்பிவிடுவீர்கள் என்றுதான் நம்பியிருந்தேன். நீங்கள் அவருக்கு நாற்காலி போட்டு, தண்ணீர் கொடுத்து, முழுக்கக் கேட்டிருக்கிறீர்கள்.

மச்சானை விட்டுவிடுங்கள். அவன் பிடித்துக்கொண்டான், அவ்வளவுதான். திரைச்சீலைக் கம்பியால் ஒவ்வொரு விரலாக உடைத்தது நான். பத்து இருந்தது, மூன்றோடு நிறுத்தினேன். மீதி ஏழு விரலைத் தள்ளுபடி செய்திருக்கிறேன், மேடம். கணக்குப் பார்த்தால் அந்த ஏழுக்கு அவர்தான் எனக்குப் பாக்கி.