கறார் டாக்டரம்மா சொல்லாத பொய்

மேடையில் அமர்ந்திருக்கும் மருத்துவமனைத் தலைவர் அவர்களே, மூத்த மருத்துவர்களே, செவிலியச் சகோதரிகளே, பிள்ளைகளைத் தோளில் சுமந்து எங்கள் வார்டுக்குப் படியேறி வந்த பெற்றோர்களே! வணக்கம் சொல்லவும் கை எழவில்லை, பொறுத்துக்கொள்ளுங்கள்.

குழந்தைகள் ரத்தப் புற்றுநோய்ப் பிரிவின் தலைமை மருத்துவர், நாமெல்லாம் 'கறார் டாக்டரம்மா' என்றழைத்த நம் அம்மையார், போன வாரம் நோயாளிகளைப் பார்த்துக்கொண்டிருந்தபோதே மார்பைப் பிடித்தபடி சாய்ந்தார்; அப்படியே நம்மை விட்டுப் போய்விட்டார். நெடுங்காலம் அவருக்குத் துணை மருத்துவனாய் இருந்தவன் நான்.

"சிரிச்சா முத்து உதிர்ந்துடுமா டாக்டரம்மா?" என்று தலைமைச் செவிலியர் கேட்பார்.

"உதிரட்டும். முதல்ல அந்தப் பிள்ளைக்குக் காய்ச்சல் எவ்வளவுன்னு பாரு!"

அவர் எப்படிப்பட்டவர் என்று கேட்கிறீர்களா? ஒரு தையல்காரரின் மகளைப் பற்றிச் சொல்கிறேன். வார்டே 'வாயாடி' என்று கொஞ்சிய சிறுமி. அவளுக்கு மைலாய்டு வகை ரத்தப் புற்றுநோய். முதல் சுற்று கீமோ முடிந்ததும், நுண்ணோக்கியில் ஒரு கெட்ட அணுவும் தென்படவில்லை. தாய் ஊருக்குப் போகப் பையைக் கட்டத் தொடங்கினார். அம்மையாரோ எலும்பு மஜ்ஜையை நுண்சோதனைக்கு அனுப்பினார். ஆயிரத்தில் ஒன்று ஒளிந்திருந்தாலும் காட்டிக்கொடுக்கும் சோதனை அது. காட்டிக்கொடுத்தது!

"சுத்தமாயிடுச்சுன்னு சொன்னீங்களேம்மா!" என்று தாய் வெடித்தார்.

"கண்ணுக்குத் தெரியலைன்னுதான் சொன்னேன். இல்லைன்னு சொல்லலை. இப்படியே விட்டா திரும்பி வந்துடும். இன்னொரு சுற்று மருந்து கொடுத்துட்டு, இவ அண்ணனோட மஜ்ஜையை எடுத்து இவளுக்கு வைப்போம். பொருந்துது."

அந்த இரண்டாம் சுற்றில்தான் எங்கள் எல்லோருக்கும் உயிர் போய் உயிர் வந்தது. வெள்ளை அணுக்கள் அடியோடு சரிந்தன. கிருமி ரத்தத்தில் கலந்தது. ரத்த அழுத்தம் இறங்கிக்கொண்டே போனது. வாயாடியின் வாய் அடைத்துப்போனது. தீவிர சிகிச்சைப் பிரிவின் வாசலில் தந்தை வழிமறித்து நின்றார்.

"போதும் டாக்டரம்மா, இனிமே குத்தாதீங்க. வீட்டுக்குத் தூக்கிட்டுப் போறேன். இல்லைன்னா, பிழைப்பாளான்னு சொல்லுங்க!"

நாமாக இருந்தால் என்ன சொல்லியிருப்போம்? 'கடவுளை வேண்டிக்கோங்க' என்று நழுவியிருக்க மாட்டோமா?

"தெரியலை," என்றார் அம்மையார். "இந்தக் காய்ச்சலைத் தாண்டி, மஜ்ஜையும் மாத்திட்டா, பாதிக்குப் பாதி வாய்ப்பு இருக்கு. தாண்டலைன்னா, அவளுக்கு வலி தெரியாம பார்த்துக்குவேன். எதுவானாலும் கூடவே இருப்பேன். விட்டுட்டுப் போக மாட்டேன்."

தந்தை வாசலை விட்டு மெல்ல விலகினார்.

காய்ச்சல் தணிந்தது. அண்ணன் மஜ்ஜை கொடுத்தான். அதன் பிறகும் நோய் திரும்பிவிடுமோ என்று ஒவ்வொரு பரிசோதனைக்கும் அந்தத் தாய் பயந்தபடியே வந்தார். "குணமாயிடுச்சுன்னு ஒரு வார்த்தை சொல்லுங்களேன்!" என்று கெஞ்சுவார். அம்மையார் சொல்ல மாட்டார். பல ஆண்டுகள் கடந்து, ஒரு நாள் சிறுமியிடமே சொன்னார்: "குணமாயிட்டே. போய்ப் பரீட்சைக்குப் படி!"

எல்லாப் பிள்ளைகளும் பிழைத்தார்களா? இல்லை! பிள்ளையைப் பறிகொடுத்தவர்கள் இந்த மன்றத்தில் எத்தனை பேர்! நீங்கள் ஏன் வந்தீர்கள்? உங்களிடம் அவர் ஒரு பொய்கூடச் சொல்லவில்லை, அதனால் வந்தீர்கள்.

அவர் பணியைத் தொடர்வோம் என்று இங்கே பலரும் உறுதி கூறினார்கள். எனக்கு அது இன்றைக்கே தொடங்குகிறது. இன்று காலை ஒரு சிறுவனின் சோதனை முடிவு வந்தது. நோய் திரும்பியிருக்கிறது. அவன் தாய் வார்டில் காத்திருக்கிறார். கூட்டம் முடிந்ததும் நான் போய்ச் சொல்ல வேண்டும். மறைக்காமல் சொல்வேன். சொல்லிவிட்டு, அவர் கேட்பதற்கெல்லாம் பதில் சொல்லும்வரை எழுந்திருக்க மாட்டேன்.