பழைய வாசல் அட்டைகள்

எங்கள் கம்ப்யூட்டர் அறையில் காப்பி சீக்கிரம் ஆறிவிடும். அங்கே ஏசி போட்டது மெஷினுக்காக, மனிதர்களுக்காக அல்ல. உட்காருங்கள் சார். உங்களுக்குக் கம்ப்யூட்டர் தெரியாது என்றார்கள். பரவாயில்லை, எங்கள் டைரக்டருக்கும் தெரியாது.

தாம்பரத்துக்கு இந்த மெஷின் வந்தது எழுபத்திரண்டில். வெளியாட்கள் தங்கள் புரோகிராமைத் துளையிட்ட அட்டைக் கட்டாகக் கொண்டுவந்து கொடுத்தால் ஓட்டி, விடையை அச்சடித்துத் தருவோம். பொதுவான சில வேலைகளை எல்லாப் புரோகிராமும் எங்கள் சிஸ்டத்திடம்தான் கேட்கும். ஒரு தேதியிலிருந்து இன்றுவரை எத்தனை மாதம் ஆயிற்று என்று சொல்வது அதில் ஒன்று. எழுதியவர் எனக்கு முன்னால் இருந்த ஞானையா.

அவருக்கு ஒரு பழக்கம். எதையாவது மாற்றினால், பழைய மாதிரி கேட்பவர்களுக்குப் பழைய மாதிரியே பதில் போகும்படி சில அட்டைகளை மேலே சேர்த்துவிடுவார். அதற்குப் 'பழைய வாசல்' என்று பெயர்.

"எவனாவது ஒருத்தன் பழைய கட்டோட வருவான்யா வைத்தீஸ்வரன். அவனை வெளிய நிறுத்தக் கூடாது" என்பார்.

நல்ல மனிதர். ஆனால் அவருடைய சிஸ்டம், வந்தவனுக்கெல்லாம் ஒரு கதவு வைத்த கல்யாணச் சத்திரம் மாதிரி இருந்தது. எனக்கு அதைப் பார்க்கவே எரிச்சலாக இருக்கும்.

அவர் ஓய்வு பெற்றதும் மாதத்தை வாரமாக மாற்றினேன். வாரக் கூலி போடும் கம்பெனிகளுக்கு அதுதான் வசதி. மாதமாகவே கேட்பவர்களுக்கென்று அவர் போகுமுன் எழுதிவைத்த பழைய வாசல் அட்டைகளை உருவி டிராயரில் போட்டேன். நோட்டீஸ் போர்டில் முறையாக அறிவிப்பு ஒட்டினேன். போர்டு எங்கள் சைக்கிள் ஷெட்டில் இருக்கிறது. வந்து படிக்காதவர்களுக்கு நான் பொறுப்பாக முடியுமா?

புற்றுநோய் ஆஸ்பத்திரி ரத்தினபாய் படிக்கவில்லை. அங்கே கதிர் வைக்கும் மெஷினில் இருக்கிற கோபால்ட்டுக்கு மாதாமாதம் வலு குறையும். அது பழசாகப் பழசாக, நோயாளி அதன் கீழ் கூடுதல் நேரம் படுக்க வேண்டும். எவ்வளவு நேரம் என்று அந்த அம்மாளின் புரோகிராம் கணக்குப் போடும். அது எங்கள் வாரங்களை வாங்கி மாதங்கள் என்று நம்பிவிட்டது. கோபால்ட்டின் வயது நாலு மடங்காகி, நேரம் ஏறக்குறைய இரண்டு மடங்கானது.

அந்த அம்மாள் போன் செய்தார். "சார், நேரம் ரொம்ப ஜாஸ்தியா வருது. உங்க மெஷின்ல ஏதாவது கோளாறா?"

"மெஷின் நல்லா இருக்கும்மா."

பொய் இல்லை. மெஷினைக் கேட்டார், மெஷினைப் பற்றிச் சொன்னேன்.

"கையால போட்டா பாதிதான் சார் வருது."

"நீங்க கையை நம்புவீங்களா, கம்ப்யூட்டரை நம்புவீங்களா?"

கம்ப்யூட்டரை நம்பினார். படித்தவர்களிடம் இது ஒரு சௌகரியம்.

காரணம் கேட்கிறீர்கள். என் புதிய சிஸ்டத்தைப் பார்க்க டில்லியிலிருந்து பெரியவர்கள் வரவிருந்தார்கள். பழைய வாசலைத் திரும்பச் செருகியிருந்தால் ஞானையா சொன்னதுதான் சரி என்று ஆகியிருக்கும். டில்லிக்காரர்கள் மிகவும் பாராட்டினார்கள். அவர்கள் போன பிறகு திறந்தால், ஏன் முன்பே திறக்கவில்லை என்று கேள்வி வரும். அதனால் விட்டுவிட்டேன்.

பொழிச்சலூர் சாராள் டீச்சர் மார்பு வெந்து இறந்தார் என்று கேள்விப்பட்டேன். வருத்தமாகத்தான் இருந்தது. மொத்தம் ஒன்பது பேர் என்கிறீர்கள். ஏழு என்று போடுங்கள் சார். மற்ற இரண்டு பேர் எப்படியும் பிழைத்திருக்க மாட்டார்களாம்.

என் அக்கா அபிதகுஜாம்பாளுக்கும் அங்கேதான் வைத்தியம். ஒவ்வொரு நோயாளிக்கும் தனித்தனிக் கட்டாக வரும். அக்காவின் கட்டு வரும்போது மட்டும் டிராயரைத் திறந்து, ஞானையாவின் அட்டைகளை மேலே வைத்து ஓட்டுவேன். காப்பி ஆறுவதற்குள் முடிந்துவிடும் வேலை. அக்கா ஒருத்திக்கு மட்டும் தோல் கருகவில்லை என்பதை ரத்தினபாய் கவனித்ததால்தான் நீங்கள் இங்கே வந்திருக்கிறீர்கள்.

அக்கா இப்போது செம்பாக்கத்தில் சௌக்கியமாக இருக்கிறாள். ஞானையாவைப் பார்த்தால் சொல்லுங்கள் சார், அவருடைய வாசலை நான் மூடவே இல்லை என்று.