காவற்கோபுரம் ஏறுமுன் ஒரு சொல்

அவையின் நடுவே அமர்ந்து, அளந்து பேசும் அருங்குணம் கொண்ட ஊர்த்தலைவர் அவர்களே! கடல் கடந்து வந்து, முந்நூறு படியேறி, மூச்சு வாங்க அமர்ந்திருக்கும் விருந்தினர்களே! பெரியோர்களே! வெயிலைப் பொருட்படுத்தாமல் வந்திருக்கும் தாய்மார்களே! வணக்கம்.

இந்தத் தீவுக்கு வருகிறவர்களுக்கு இருபத்திரண்டு ஆண்டுகளாக வழிகாட்டுபவள் நான். மலையுச்சியில் இருக்கும் நம் ஊரின் பெருமையைப் பத்து நிமிடம் பேசு, பிறகு கோபுரத்தைத் திறந்து எல்லோரையும் மேலேற்றுவோம் என்றார்கள்.

பெருமைக்கா பஞ்சம்? பாறையைக் குடைந்து மழையைச் சிறைப்பிடித்த நீர்த்தொட்டி இல்லையா? பீரங்கி மேடை இல்லையா? எதிரே ஆள் வந்தால் நாம் பின்வாங்க வேண்டிய சந்துகள் இல்லையா? கடற்கொள்ளையரைக் கண்டதும் மணியடித்து ஊரைக் காத்த காவற்கோபுரம் இல்லையா? நானூறு ஆண்டுகளாக நிற்கிறது! நாளையும் நிற்குமா?

முன்வரிசையில் சலசலப்பு கேட்கிறது. பொறுங்கள் ஐயா, சொல்லிவிடுகிறேன்.

சென்ற திங்கட்கிழமை, காலை பதினொரு மணி. கோபுரத்தின் உச்சியில் இருபத்தாறு விருந்தினர்களோடு நான் நிற்கிறேன். நம்மூர்க் கொத்தனார் மேலே வந்தார். முகம் சுண்ணாம்பாய் வெளுத்திருந்தது. என் காதருகே சொன்னார்: "அக்கா, சிரிச்ச முகமாவே இருங்க. விரிசல் மேல நேத்து சோதனைக்கு ஒட்டின கண்ணாடித் துண்டு உடைஞ்சிருக்கு. சுவர் நகருது. மொத்தமா இறங்கினா படி தாங்காது. மூணு மூணு பேரா இறக்குங்க."

உள்ளே உண்மை, உதட்டிலே சிரிப்பு! "இந்தக் கோபுரத்தில் ஒரு வழக்கம் உண்டு. மூவர் மூவராய், வாய்பேசாமல் இறங்கினால் நினைத்தது நடக்கும்" என்று அவிழ்த்துவிட்டேன். இருபத்திரண்டு ஆண்டில் நான் சொன்ன முதல் பொய்!... யாரது சிரிப்பது? சரி, முதல் பெரிய பொய்.

இருபத்து நான்கு பேர் இறங்கினார்கள். மிச்சம் ஒரு பெரியவரும் அவர் மனைவியும். முழங்கால் மடங்கவில்லை அவருக்கு. "நீ போ, நான் மெல்ல வர்றேன்" என்கிறார். அந்த அம்மா என்ன சொன்னார் தெரியுமா? "நாப்பது வருஷமா உங்க பேச்சைக் கேட்டாச்சு. இன்னைக்கு மட்டும் முடியாது." கொத்தனார் முன்னே, நான் பின்னே, அந்த இருவர் நடுவே. படிக்கொரு பிராணன் போய்ப் போய் வந்தது! வாசலைத் தாண்டி இருபது அடி வைத்திருப்போம். உள்ளே இடி இடித்ததுபோல் ஓசை. உச்சிப்படிகள் ஐந்து உதிர்ந்து கிடந்தன.

பிறகு நடந்ததென்ன? "வெளிய தெரிஞ்சா சீசன் படுத்துடும், வாயைத் திறக்காதே" என்று தலைவர் தரப்பில் சொன்னார்கள். இரண்டே நாளில் உதிர்ந்த படிகளுக்குப் பலகை அடித்தார்கள், விரிசலில் சிமெண்டு பூசினார்கள். ஆறு நாளாய் நானும் வாய் திறக்கவில்லை. ஆம், நானும் குற்றவாளிதான்! கோபுரத்தடியில் தேநீர்க் கடை வைத்திருக்கும் என் அண்ணியின் அடுப்பு அணைந்துவிடுமே என்று அஞ்சினேன். இன்று காலை கொத்தனார் என் வீட்டுக்கே வந்தார். புதிதாய் ஒட்டிய கண்ணாடியும் உடைந்துவிட்டதாம். அதன்பின் அண்ணியே சொன்னார்: "கடையை நாலு அடி தள்ளிப் போட்டுக்கலாம். நீ போய்ப் பேசு."

தலைவர் எழுந்துவிட்டார். "ஏம்மா, இத்தனை பேர் முன்னாடியா என் மானத்தை வாங்கணும்?" என்கிறார்.

தலைவரே! போன மானத்தை மீட்கலாம். போன உயிரை மீட்க முடியுமா? சுவருக்குத் தெரியுமா இது சீசன் என்று? விரிசல் கேட்குமா உங்கள் விளம்பரத்தை? இந்த முன்வரிசைப் பிள்ளைகளை அந்தப் படியில் ஏற்ற உங்கள் மனம் ஒப்புமா? சொல்லுங்கள், கீழே இறங்கிவிடுகிறேன்!

...

அன்பர்களே, ஒலிபெருக்கி இல்லாமல் தலைவர் சொன்னது பின்வரிசைக்குக் கேட்டிருக்காது. நானே சொல்கிறேன். "கோபுரம் இன்னைக்குத் திறக்கல. கொத்தனார் சரின்னு சொல்ற வரைக்கும் திறக்க மாட்டோம்."

தட்டுங்கள் கையை! எனக்கல்ல, இத்தனை பேர் நடுவில் தன் சொல்லைத் தானே திருத்திக்கொண்ட அந்த மனிதருக்கு!

விருந்தினர்களே, வாருங்கள், நீர்த்தொட்டியிலிருந்து தொடங்குவோம். பொறுமையாய்க் கேட்ட உங்களுக்கும், துணிந்து உண்மை சொன்ன கொத்தனாருக்கும் என் நெஞ்சார்ந்த நன்றி. வணக்கம்.