அம்மாவின் காட்டன் புடவைகள்

ஒட்டுக்கேட்டது தவறுதான். தாம்பரத்திலிருந்து கேளம்பாக்கம் போகும் பேருந்தில், முன்சீட்டில் ஓர் அக்காவும் தம்பியும் பேசிக்கொண்டு வந்தார்கள்.

“அக்கா, அம்மாவோட பழைய காட்டன் புடவையெல்லாம் எனக்குக் கொடுத்துடு.”

“உனக்கு எதுக்குடா?”

“என் வீட்டு ரெக்கார்டிங் ரூம் சுவத்துல எதிரொலி வராம இருக்க நானே பேனல் செஞ்சிருக்கேன். மேல துணி போர்த்தணும். கடைத்துணி கட்டுப்படியாகல. துணியில வாய் வச்சு ஊதினா காத்து அந்தப் பக்கம் போகணும், அப்பதான் சத்தம் பேனலுக்குள்ள போய் அடங்கும். அம்மா புடவை கரெக்டா இருக்கும்.”

“அம்மா இருமுறது ரெக்கார்டிங்ல விழுதுன்னுதானே அவங்களை என் வீட்டுல கொண்டுவந்து விட்டே?”

அவன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

“‘அவனுக்கு ரெக்கார்டிங் முடிஞ்சுதா, நான் போகட்டுமா’ன்னு சாகுற வரைக்கும் கேட்டாங்கடா. சாக்கு வாங்கிப் போர்த்திக்கோ. புடவை கிடையாது.”

எனக்கு இருமல் வந்தது. மகன் வீட்டில் செய்வதுபோலவே அடக்கிக்கொண்டேன்.