முப்பத்தாறு போட்டோ

காபியெல்லாம் பேட, வேண்டாம் தம்பி. அவரு வர்றதுக்குள்ள சொல்லிட்டுப் போயிடறேன். சாயங்காலம் எங்க வீட்டுக்காரரு கேமராவோட வருவாரு. ஆமா, ரயில்வேல ரிட்டயர் ஆன சாம்பசிவன், அவரேதான். இமயமலை டூருக்குன்னு உங்க ஸ்டுடியோல ஃபிலிம் ரோல் வாங்கினாரே. நீங்க கேமராவுல போட்டுத் தரேன்னப்போ, எனக்குத் தெரியும்பான்னாராமே.

டூர்னா கோவிச்சுக்குவாரு, ட்ரெக்கிங்காம். குக்கரஹள்ளி கெரே ஏரியைச் சுத்திக் காலைல நடக்கிற பன்னெண்டு பேரும் போனோம். ஜூன் மாசம் அங்க மலை பூரா பூ, தம்பி. மஞ்சளும் நீலமும், கால் வைக்க எடமில்ல. ஒண்ணுகூடப் பறிக்கக் கூடாதுன்னுட்டான் கைடு. கூட வந்த தேவம்மா மைசூர்லேர்ந்து ஈரத்துணில சுத்திக் கொண்டாந்த மல்லிச் சரம் ரெண்டாம் நாளே காஞ்சு போச்சு. அத்தனை பூவுக்கு நடுவுல நாங்க காஞ்ச சரத்தை வெச்சுக்கிட்டு நின்னோம். வெறுந்தலையோட போட்டோவுக்கு எப்படி நிக்கிறது?

அந்தப் போட்டோதான் விஷயம். ஒரே ரோலு, முப்பத்தாறுதான்னு ஒவ்வொண்ணுக்கும் கால் மணி நேரம். ஏறினவங்களை எறங்கச் சொல்வாரு, எறங்கினவங்களை ஏறச் சொல்வாரு. கௌரம்மா குளிருக்குப் போட்ட குல்லாவைக் கழட்டணும். ஒரு தடவை மூட்டை சுமக்கிற கழுதை வந்து எங்க வரிசைல நின்னுக்கிச்சு. அது ஒண்ணுதான் அசையாம நின்னுச்சுன்னு அவருக்குச் சந்தோஷம்.

என்னைத்தான் ரொம்ப எடுத்தாரு. முட்டி வலிக்குதுன்னு உக்காந்தா, அப்படியே இரு ராஜி, வெளிச்சம் நல்லாருக்கும்பாரு.

இப்ப ஞாயித்துக்கிழமை எல்லாரும் ஆல்பம் பாக்க வராங்க. எந்தப் போட்டோவுக்குக் கீழ என்ன எழுதணும்னு நோட்டுல குறிச்சே வெச்சிருக்காரு.

கேமராவை அவரு தெறக்க மாட்டாரு, வெளிச்சம் பட்டுடுமாம். நீங்க உள்ள கொண்டு போங்க. கொஞ்ச நேரம் கழிச்சு வந்து, ரோல் பழசு, ஒண்ணும் விழலைன்னு சொல்லிடுங்க. திட்டுவாரு, எனக்காக வாங்கிக்கோங்க. தப்பு அவரோடதுன்னு தெரிஞ்சா மனுஷன் ஒடஞ்சு போயிடுவாரு. கெரேப் பக்கமே தலை வெச்சுப் படுக்க மாட்டாரு.

இல்ல தம்பி, கழுவிப் பாக்கறதுக்கு ஒண்ணும் இல்ல. ரோல் இந்தா இருக்கு, டப்பாகூடப் பிரிக்கல. போடவே மறந்துட்டாரு. மூணாம் நாள் ஏலக்கா தேடறப்ப என் பையில, அடியில கெடந்துச்சு.

அப்பவே சொல்லியிருக்கலாம்தான். சொன்னா அவமானத்துல கேமராவை மூட்டைகட்டி வெச்சிருப்பாரு. அவரு கணக்குக்கு இன்னும் இருபத்தஞ்சு போட்டோ பாக்கி இருந்துச்சு. கல்யாணமாகி முப்பத்திரண்டு வருஷத்துல அவரு என்னை நிக்க வெச்சு அவ்வளவு நேரம் பாத்ததில்ல. அதான் டப்பாவை மறுபடி ஏலக்காய்க்கு அடியிலயே வெச்சுட்டேன்.