மேட்டுக்குச் சுட்டால்

தங்கசாமி: ரைபிள்லதான் கோளாறுங்கறேன்!

சௌந்தர்யா: மெதுவாப் பேசுங்க மாமா, கிளப்பே பாக்குது. மூணு குண்டும் குறித் தகட்டுக்கு மேலயே போயிருச்சு. மிச்சம் ஒண்ணே ஒண்ணு.

தங்கசாமி: அந்த ஒண்ணாவது பட்டாத்தான் மாவட்ட அணி... ராசிபுரம் பூரா சொல்லிப்போட்டனே!

சௌந்தர்யா: ஏனுங்க அத்தன ஒசத்திப் புடிக்கறீங்க?

தங்கசாமி: தகடு மலை மேல நிக்குது புள்ள. மேடேறுற லாரிக்கு ஆக்சிலேட்டர அமுத்தோணுமா, வேண்டாமா?

சௌந்தர்யா: குண்டு என்ன லோடு லாரியா? ஸ்கோப்ப எத்தனைக்கு வெச்சிருக்கீங்க?

தங்கசாமி: தூர மீட்டர் முந்நூறுன்னு காட்டுச்சு. முந்நூறுக்கு. அதுக்கும் மேல ஒரு சாண்... மேட்டுக்குன்னு.

சௌந்தர்யா: அதான் தப்பு. தென்னமரத்துல ஏணிய சாத்துனா, ஏணி நீளம் வேற. ஏணிக்காலுக்கும் மரத்துக்கும் தரையில இருக்கற தூரம் வேற...

தங்கசாமி: தேங்கா புடுங்கவா வந்தோம்?

சௌந்தர்யா: கேளுங்க! முந்நூறுங்கறது ஏணி நீளம். பூமி குண்ட இழுக்கறது தரைத் தூரத்துக்குத்தான். சாய்வு நாப்பது டிகிரி இருக்குது. எரநூத்தி முப்பதுக்குத் திருப்புங்க. அந்தச் சாணை உட்டுப்போடுங்க.

தங்கசாமி: அப்ப பள்ளத்துக்குச் சுட்டா?

சௌந்தர்யா: அதுக்கும் இதே கணக்குத்தானுங்க.

தங்கசாமி: ஏம் புள்ள... கொல்லிமலையிலயே சுட்டவன் நானு, எனக்கே...

சௌந்தர்யா: கோயில் நோம்பியில பலூன் சுட்டீங்க.

தங்கசாமி: ...அத யாரு சொன்னா?

நடுவர் கலீலுல்லா: தங்கசாமியண்ணே! ஒரு நிமிசம்தான் இருக்கு. சுடுறீங்களா, எந்திரிக்கிறீங்களா?

தங்கசாமி: சுடறனுங்க, சுடறனுங்க... எரநூத்தி முப்பது. தப்புச்சுதுன்னா உன்ற தலையிலதான் பழி.

சௌந்தர்யா: போடுங்க. மூச்ச உட்டுப்போட்டு... மெல்ல...

தங்கசாமி: இந்தா, சுட்டுட்டேன்!

கலீலுல்லா: பட்டுருச்சு! தகட்டு நடுவுல!

தங்கசாமி: அடி ஆத்தா! பாத்தியா புள்ள, உம்புருசன...

கலீலுல்லா: கொஞ்சம் எடம் விடுங்கண்ணே. அடுத்து... சௌந்தர்யா தங்கசாமி!

தங்கசாமி: ...எந்த சௌந்தர்யா?

சௌந்தர்யா: நகருங்க மாமா, நான் சுடறதுக்குப் படுக்கோணும்.

தங்கசாமி: அடிப்பாவி! வாரா வாரம் அக்கா ஊட்டுக்குப் போறேன்னது இதுக்குத்தானா? இரு, உங்கக்காளயே கேக்கறேன்!

சௌந்தர்யா: தாராளமாக் கேளுங்க. நீங்க வாரதுக்கு முன்னாடியே அக்கா நாலு குண்டையும் தகட்டுல அடிச்சுப்போட்டு, அதா, தொப்பிய மூஞ்சி மேல போட்டுட்டுத் தூங்குது.